1798: ராயக்கோட்டை மதிலிலிருந்து ஒரு கவிதை ஆண்டு

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகிறவர்களுக்கு, ஊர் நெருங்கும்போது ஒரு பாறைமலை தென்படும். மேலே பழைய கோட்டை. 1798-இல் அந்த மதிலில் காவல் நின்றவன் கம்பெனிச் சிப்பாய். மேற்கே அவன் பார்த்த மேட்டு நிலம் திப்பு சுல்தானுடையது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கை பாரமகாலைக் கம்பெனிக்குக் கொடுத்தது. கிருஷ்ணகிரி அதோடு போயிற்று. ஓசூரும் அதைச் சுற்றிய பாலாகாட்டு ஊர்களும் மைசூரிடமே தங்கின. இன்று ஒரே மாவட்டத்துக்குள், ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்கள் அன்று இரண்டு அரசுகளில் இருந்தன.

உலக இலக்கிய வரலாறுகளில் 1798-க்குத் தனி இடம் உண்டு. ஐரோப்பாவில் கற்பனாவாதக் கவிதை தன்னை அறிவித்துக்கொண்ட ஆண்டு அது. பிரிஸ்டலில் இருந்தும் பெர்லினில் இருந்தும் அந்த ஆண்டைப் பார்த்து எழுதியவை ஒரு நூலகத்தை நிரப்பும். அதே ஆண்டை ராயக்கோட்டை மதிலில் நின்று பார்த்தால், கிழக்கே தமிழும் வடக்கே தெலுங்கும் மேற்கே கன்னடமும் பாளையத்தில் உருதுவும் ஒலிக்கும் இடத்தில் நின்று பார்த்தால், கவிதை என்று எது கேட்கிறது? இந்தக் கேள்வியோடுதான் இக்கட்டுரை அந்த ஆண்டுக்குள் போகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே புதுமையாக அறிவிக்கப்பட்டதில் பெரும்பகுதி இங்கே பழக்கத்தில் இருந்தது. அவர்கள் அதை எழுதி வைத்தார்கள், நாம் வைக்கவில்லை. குறை கவிதையில் இல்லை, பதிவில் இருக்கிறது.

பிரிஸ்டலில் ஒரு சிறு நூல்

1798 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 'லிரிக்கல் பாலட்ஸ்' என்ற கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. பிரிஸ்டல் நகரப் பதிப்பாளர் ஜோசப் காட்டில் அதை அச்சிட்டார். ஆசிரியர் பெயர் அட்டையில் இல்லை. உள்ளே 23 கவிதைகள். அவற்றில் 4 சாமுவேல் டெய்லர் கோலரிட்ஜ் எழுதியவை, மற்றவை வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் எழுதியவை. தொடக்கத்தில் கோலரிட்ஜின் கிழட்டு மாலுமி தன் கடற்பாவத்தைச் சொல்கிறான். முடிவில் வை ஆற்றங்கரையில் நின்று வேர்ட்ஸ்வொர்த் தன் கடந்த ஐந்து ஆண்டுகளை நினைத்துப் பார்க்கிறார். இடையில் பைத்தியம் பிடித்த தாய், ஏழைக் கிழவி, மந்தையில் கடைசி ஆட்டையும் இழந்தவன், அறிவு வளராத பிள்ளை. அதுவரை ஆங்கிலக் கவிதையின் வாசற்படியில் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

நூலின் முன்குறிப்பு இவை சோதனைகள் என்றது. சாதாரண மக்கள் பேசிக்கொள்ளும் மொழி கவிதைக்கு எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்று பார்க்கும் சோதனைகள். 1800 என்று ஆண்டிட்ட இரண்டாம் பதிப்பில் வேர்ட்ஸ்வொர்த் இதை நீண்ட முன்னுரையாக விரித்தார். ஜெர்மனியில் ஷ்லெகல் சகோதரர்கள் 'அதெனேயம்' என்ற இதழைத் தொடங்கியதும் அதே 1798-இல்தான். நோவாலிஸின் சிந்தனைத் துணுக்குகள் அதில்தான் வந்தன. இத்தாலியின் லியோபார்தியும் போலந்தின் மிக்கியேவிச்சும் அந்த ஆண்டில் பிறந்தார்கள். ஆக்ராவில் பிறந்த காலிபுக்கு அப்போது ஒரு வயது.

இந்தப் புதிய கவிதையின் பின்புலத்தில் பிரெஞ்சுப் புரட்சி இருந்தது. வேர்ட்ஸ்வொர்த் 1791-92-இல் பிரான்சில் வாழ்ந்து அந்த நெருப்பை நேரில் கண்டவர். 1797-இல் அவரும் கோலரிட்ஜும் நாட்டுப்புறத்தில் ஒன்றாகச் சுற்றித் திரிந்தபோது, இவர்கள் பிரெஞ்சு உளவாளிகளோ என்று சந்தேகித்த ஆங்கில அரசு ஓர் ஒற்றனை அனுப்பியது. பிரெஞ்சுக்காரர் மேலிருந்த அதே அச்சம் இங்கேயும் வேலை செய்தது. 1798 ஜனவரியில் மொரிஷியஸின் பிரெஞ்சு ஆளுநர் மலார்டிக், திப்புவுக்கு உதவ ஆள் திரட்டி அறிவிப்பு வெளியிட்டார். அந்த ஆண்டில் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கிய வெல்லெஸ்லிக்கு அது போருக்கான காரணமாயிற்று. பாரமகாலை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீட், எல்லைக்கு அப்பால் மைசூரில் நடப்பதை ஆள் வைத்து அறிந்து சென்னைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கவிஞர்களைப் பின்தொடர்ந்த ஒற்றனும் ராயக்கோட்டையைக் கடந்து போய்வந்த ஒற்றனும் ஒரே பெரும்போரின் ஆட்கள்.

உறவு இதைவிட நெருக்கமானது. கோலரிட்ஜின் அண்ணன் பிரான்சிஸ் கம்பெனிப் படையில் அதிகாரி. மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸின் படை 1791 ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. அந்த நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிய மாக்ஸ்வெல்லின் அணி அதைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையோடு போர் முடிந்தது. பிரான்சிஸ் 1792-இல் அங்கேயே இறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இருபது வயதுத் தம்பிக்குச் செய்தி பின்னர் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலக் கற்பனாவாதத்தின் ஒரு குடும்பச் சாவு நம் பக்கத்துப் போரில் நிகழ்ந்தது என்பதை ஓசூரில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

காவிரிக் கரையில்

அந்த 1798-இல் தமிழில் என்ன நடந்தது? பிப்ரவரி 13-இல் தஞ்சாவூரில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் இறந்தார். ஜூனில் அவருடைய மாணவர் இரண்டாம் சரபோஜி அரியணை ஏறினார். சரபோஜியோடு ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியாருக்கு அப்போது 24 வயது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடினார். மலையும் குறியும் குறத்தியும் கொண்ட ஒரு நாடக வடிவத்தைக் கிறிஸ்துவின் கதைக்கு வளைத்த துணிவு அது. சரபோஜி மீதே கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' இயற்றினார்.

திருவையாற்றில் தியாகராஜருக்கு 31 வயது. தஞ்சையில் சியாமா சாஸ்திரிக்கு 36. தியாகராஜர் தெலுங்கில் பாடினார். ராமனைத் தன் வீட்டு மனிதன் போல் வைத்துக்கொண்டு கோபித்தும் குழைந்தும் பேசினார். கற்பனாவாதத்தின் அடையாளம் என்று சொல்லப்படும், தன் நெஞ்சைத் திறந்து தானே பேசும் பாட்டு, ஆழ்வார்களின் காலத்திலிருந்து நமக்கு வீட்டுச் சொத்து. காவிரிப் படுகையில் அந்தக் கீர்த்தனைகளைப் பொருள் கேட்டுப் பாடம் செய்தவர்கள் பலர். ஓசூர் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் அவை உரை இல்லாமலே புரியும்.

ஆனால் 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கவிதையின் உண்மையான திருப்பம் வேறொன்று. தெருவிலும் வயலிலும் களத்திலும் கிடந்த மெட்டுகள் புலவர்களின் ஏட்டுக்குள் ஏறின. முக்கூடற்பள்ளு பண்ணையில் உழைப்பவரின் பேச்சையும் சக்களத்தி ஏச்சையும் கவிதையாக்கியது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி குறத்தியின் நடையையும் குறவனின் வேட்டையையும் மேடைக்குக் கொண்டுவந்தது. மதுரை நாயக்கர் அதற்கு நிலமே மானியமாகக் கொடுத்தார். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் கம்பனின் கதையைப் பாடிக் கேட்கும் கீர்த்தனைகளாக்கியது. அவர் 1779-இல் மறைந்த பிறகும் அந்தக் கீர்த்தனைகள் மறையவில்லை. நொண்டி நாடகம் திருடனைக் கதைத்தலைவன் ஆக்கியது. சிந்து, கும்மி, கண்ணி, ஆனந்தக்களிப்பு ஆகியவை இலக்கண நூலின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தன.

வேர்ட்ஸ்வொர்த் முன்னுரை எழுதி நிறுவ முயன்றதை இவர்கள் முன்னுரை எழுதாமல் செய்தார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேர்ட்ஸ்வொர்த்தின் ஏழைகள் தம் துயரத்தின் எடையோடு வருகிறார்கள். நம் பள்ளிலும் குறவஞ்சியிலும் எளியவர்களின் மொழி வருகிறது, ஆனால் அவர்களின் துயரம் பெரும்பாலும் விளையாட்டாக மாற்றப்பட்டு, கோயிலையோ வள்ளலையோ புகழ்ந்து முடிகிறது. நம்மிடம் மக்களின் மொழி கவிதைக்குள் வந்த வேகத்தில் மக்களின் வாழ்க்கை வரவில்லை. அது வந்த இடம் வேறு: கதைப்பாடல்.

1798 செப்டம்பர் 10-இல் ராமநாதபுரம் அரண்மனையில் வீரபாண்டியக் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தான். பேச்சு முற்றிக் கைகலப்பானது. அதில் ஆங்கில அதிகாரி கிளார்க் கொல்லப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரனான அவனை மறு ஆண்டு கயத்தாற்றுத் தூக்குமரத்துக்குக் கொண்டுபோன பகையின் தொடக்கம் அந்த நாள். இங்கிலாந்தில் அந்தக் கவிதைத் தொகுப்பு கடைக்கு வந்ததும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். அந்தச் சந்திப்பு கதைப்பாடலில் உச்சக் காட்சியானது. ஊர் ஊராகப் பாடப்பட்டு, ஏட்டில் எழுதப்பட்டு, நம் காலத்தில் நா. வானமாமலையின் பதிப்பாக மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியே அச்சுக்கு வந்தது. தூக்கிலிடப்பட்ட யூசுப் கானைப் பாடிய 'கான்சாகிபு சண்டை'யையும் அவரே பதிப்பித்தார். 1798-இன் தமிழ்க் கவிதை எது என்று என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் நிகழ்வைத் தன் நெஞ்சில் வைத்துப் பாடிய கட்டபொம்மு கதைப்பாடலைத்தான் முதலில் சொல்வேன். அதற்கு ஒற்றை ஆசிரியர் கிடையாது. 'லிரிக்கல் பாலட்ஸ்' பெயரிலேயே எந்த வடிவத்துக்கு ஏங்கியதோ, அந்த வடிவம் இங்கே தெருவில் உயிரோடு இருந்தது.

ஒரு திவானும் ஒரு படையும்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உருது பேசும் தெருக்கள் இன்றும் உண்டு. அவர்களின் 1798-ஐ விட்டுவிட்டு இந்த எல்லையின் கணக்கை முடிக்க முடியாது.

ஹைதராபாத்தில் மாஹ் லகா பாய் சந்தா என்ற கவிஞர் இருந்தார். பாடகி, நடனக் கலைஞர், நிஜாமின் அவையில் மதிப்புப் பெற்றவர். உருதுவில் தன் கஜல்களைத் திவான் என்னும் கவிதைத் தொகுப்பாக்கிய முதல் பெண்களில் ஒருவர். அந்தத் திவான் தொகுக்கப்பட்டது 1798-இல். மறு ஆண்டு பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டது. நிஜாமின் படையும் அதோடு சேர்ந்தது. மீர் ஆலம் அதன் தலைவர், உடன் ஜான் மால்கம் என்ற இளம் ஸ்காட்லாந்து அதிகாரி. பாரமகால் வழியாக வந்து, ராயக்கோட்டையைத் தாண்டி, மார்ச் 5-இல் அவர்கள் மைசூர் எல்லைக்குள் நுழைந்தார்கள். கெலமங்கலம் பக்கம் பெரும்பாளையம் இறங்கியது. மே 4-இல் திப்பு வீழ்ந்தார். ஓசூரும் கம்பெனி வசமாயிற்று. அந்த அக்டோபரில் ஹைதராபாத்தில் மீர் ஆலம் வீட்டில் நடந்த ஒரு விருந்தில், தன் திவானின் கையெழுத்துப் பிரதி ஒன்றை மாஹ் லகா பாய் மால்கமுக்குப் பரிசாக அளித்தார். அது இன்று லண்டனில் இருக்கிறது.

திப்புவின் அவையிலும் பாட்டு இருந்தது. ஹசன் அலி இஸ்ஸத் தக்கனி உருதுவில் தொகுத்த 'முஃபர்ரிஹுல் குலூப்' அந்த அவைக்காக உருவான இசைப்பாடல் நூல். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் சுல்தானின் நூலகம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. சுமார் 2,000 கையெழுத்து நூல்கள். சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்கு அட்டவணை தயாரித்து 1809-இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்டார். நூலகம் போனாலும் பாட்டு போகவில்லை. திப்புவின் சாவு கன்னட லாவணிகளில் தங்கியது. அரசனைப் பாடிய அவைக்கவிதையின் இடத்தை, அரசன் இறந்தபின் தெருவில் தட்டிப் பாடுகிறவன் எடுத்துக்கொண்டான். கட்டபொம்மனுக்கு நடந்ததே திப்புவுக்கும் நடந்தது. ஒரே ஆண்டு, 1799. ஒரே வகைக் கவிதை, இரண்டு மொழிகளில்.

எல்லைப் பாட்டைத் திரட்டியவர்கள்

மால்கம் பிறந்தது ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் தொடும் எல்லைப்புறத்தில். அந்த எல்லைப்புறத்தில் பல நூற்றாண்டுகள் மாடுபிடிச் சண்டைகள் நடந்தன. இரவில் ஆற்றைக் கடந்து அடுத்த நாட்டு மாடுகளை ஓட்டி வருவதும், மீட்கப் போய் மடிவதும் அங்கே கதைப்பாடல்களாயின. வால்டர் ஸ்காட் 1792-லிருந்து ஆண்டுதோறும் லிட்டெஸ்டேல் பள்ளத்தாக்குக்குப் போய், ஆட்டிடையர்களிடமும் கிழவிகளிடமும் அந்தப் பாடல்களைக் கேட்டு எழுதினார். 1802-03-இல் அவை 'ஸ்காட்லாந்து எல்லைப் பாடல்கள்' என்ற தொகுப்பாக மூன்று தொகுதிகளில் வந்தன. ஐரோப்பியக் கற்பனாவாதத்தின் தூண்களில் ஒன்று அந்த நூல்.

அதற்கு ஸ்காட்டின் வலக்கையாக இருந்தவர் ஜான் லெய்டன். ஆட்டிடையன் வீட்டுப் பிள்ளை, கவிஞர், மொழிகளைப் பசியோடு கற்றவர். தொகுப்பு முடிந்த கையோடு அவர் மருத்துவராக வேலை தேடிக்கொண்டு 1803-இல் சென்னையில் இறங்கினார். 1804-இல் அவரை மைசூர் அளவைப் பணியில் சேர்த்தார்கள். காலின் மெக்கன்சி நடத்திய அந்தப் பணி புதிதாகப் பிடித்த நாட்டின் மலையையும் ஆற்றையும் எல்லையையும் அளந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் லெய்டன் காய்ச்சலில் படுத்தார். அங்கே மால்கம் அவருக்கு நண்பரானார். 1811-இல் ஜாவாவில் லெய்டன் இறந்தபோது அவருக்கு வயது 35.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஓர் எல்லையின் பாடல்களைத் திரட்டி உலகுக்குக் கொடுத்த மனிதர் நம் எல்லைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றிருக்கிறார். அவர் தேடிய மாடுபிடிக் கதை இந்த மண்ணில் கல்லாகவே நிற்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நடுகற்களில் ஆநிரை கவர்ந்ததும் மீட்டதும் மீட்கையில் பட்டதும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆநிரையைக் குறிக்கும் தொறு என்ற சொல் அந்தக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வெட்சி, கரந்தை என்று நம் இலக்கணம் பெயரிட்டது அதற்குத்தான். தகடூர் அதியமானும் அவனைப் பாடிய ஔவையும் வாழ்ந்த நிலம் இது. லிட்டெஸ்டேலின் பாடகனும் நம் நடுகல் தச்சனும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: எல்லையில் மாட்டுக்காக உயிர்விட்ட ஊர்க்காரனை மறக்காமல் வைத்தார்கள்.

மெக்கன்சியின் பணி நமக்குப் பெரும் கொடை. அவருக்கு வழிகாட்டி அவரது கண்ணும் காதுமாக இருந்தவர்கள் காவலி வெங்கட போரய்யாவும் அவர் தம்பிகளும். கல்வெட்டு, செப்பேடு, ஊர்க் கைஃபியத்து, ஏட்டுச் சுவடி என்று அவர்கள் திரட்டியவற்றின் மேல்தான் தென்னாட்டு வரலாறு எழுதப்பட்டது. அவர்களின் நாட்டம் முதன்மையாகச் சரித்திரத்தின் மேல் இருந்தது. சகோதரர்களில் ஒருவரான காவலி வெங்கட ராமசாமி 1829-இல் கல்கத்தாவில் தக்காணத்துக் கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார். தென்னாட்டுக் கவிதையை மொழி வேலி இல்லாமல் ஒரே நூலில் பார்க்க முயன்ற தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. முப்பது ஆண்டுகள் கழித்து, 1859-இல், இலங்கையில் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களுக்கு மட்டுமான 'தமிழ் புளூடாக்'கை வெளியிட்டார். பிறகு வந்த இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போயின. ஒரு மொழிக்கு ஒரு வரலாறு என்றானது. எல்லையில் வாழ்கிறவர்களின் கவிதை அந்த வேலிகளுக்கு இடையே விழுந்துவிட்டது.

வேலி இல்லாமல் பார்க்கும் கண் ஒருவருக்கு இருந்தது. 1796-இல் சென்னைக்கு வந்த கம்பெனி அதிகாரி எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்பதை 1816-இல் சான்றோடு நிறுவினார். ஓசூர்ச் சந்தையில் காய் வாங்குகிறவருக்கு அது ஆராய்ச்சி முடிவாகப் படாது. காதால் தினமும் அறிகிற உண்மை அது.

நம் களத்தில்

பாரமகாலில் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் 1792 முதல் 1799 வரை வேலை செய்தார்கள். ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில். வயலும் ஏரியும் மாடும் ஏரும் குடியும் எண்ணப்பட்டன. அந்தக் கணக்குகள் பின்னாளில் 'பாரமகால் ஆவணங்கள்' என்று அச்சாயின. மன்றோ இலக்கியம் அறிந்தவர். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' கதையை ஒத்த பாரசீகக் கதை ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தவர். மலோன் 1790-இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பில் அது இடம்பெற்றது. மன்றோ தன் கடிதங்களில் பாரமகாலின் மலைகளை அன்போடு நினைத்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரின் பேரேட்டிலும் உழவன் செலுத்திய வரிக்கு இருந்த இடம் அவன் பாடிய பாட்டுக்கு இல்லை.

அந்தப் பாட்டு எங்கே இருந்தது என்று தேட நெடுந்தூரம் போக வேண்டாம். கோடையில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழா நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூராரும், அவர் விட்ட இடங்களை நிரப்பி 18-ஆம் நூற்றாண்டில் பாடிய நல்லாப்பிள்ளையும் அங்கே உயிரோடு இருக்கிறார்கள். இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறும் காட்சி, சூது துகில், கர்ண மோட்சம். கடைசி நாள் மண்ணில் வனைந்த துரியோதனன் படுகளம், பின் தீமிதி. இன்று ஆடப்படும் கூத்துப் பனுவல்களில் பல 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றவை. விருத்தமும் தருவும் வசனமும் ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு போகும் கட்டு அவற்றுக்கு உண்டு. மன்னன் விருத்தத்தில் பேசினால், கட்டியக்காரன் ஊர்ப்பேச்சில் அதை உடைத்துச் சொல்வான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்து அவன் பேச்சுக்குள் தெலுங்கும் கன்னடமும் வந்து போகும்.

கற்றவனின் மொழியும் மற்றவனின் மொழியும் ஒரே களத்தில், ஒரே இரவில், ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்வதைவிடப் பெரிய சோதனை எது? மத்தளமும் தாளமும் முகவீணையும் ஒலிக்க, விடியும்வரை ஊர் உட்கார்ந்திருக்கும் அந்தச் சபையில் கவிதைக்கும் மக்களுக்கும் நடுவே கதவு கிடையாது. மேற்கே மாதேசுவரன் மலைக்குப் போகும் நம் பக்கத்துப் பக்தர்கள், அங்கே கம்சாளைக்காரர்கள் தாளம் தட்டிப் பாடும் கன்னடக் காப்பியத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எல்லை அரசுக்குத்தான் இருந்தது, கேட்கும் காதுக்கு இருந்ததில்லை.

பின் வந்தவை

ஓசூரிலும் ஸ்காட்டின் நிழல் விழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், ஓசூர்க் கோட்டைக்குள் கெனில்வொர்த் என்ற பெயரில் ஆங்கிலக் கோட்டை வடிவில் ஒரு மாளிகை கட்டினார். ஸ்காட்டின் 1821-ஆம் ஆண்டு நாவலால் உலகம் அறிந்த பெயர் அது. அந்த மாளிகை சிதைந்துபோயிற்று. ஊரில் கதை மட்டும் நிற்கிறது. கற்பனாவாதம் இந்த ஊருக்குக் கட்டடமாக வந்து இடிந்தது. கவிதையாக வந்தது சுற்றுவழியில்.

எட்டயபுரத்து இளைஞர் ஒருவர் ஷெல்லியைப் படித்து, 'ஷெல்லிதாசன்' என்று தனக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டார். அந்த பாரதி 1912-இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, எளிய சொல்லும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியம் வேண்டும் என்று முன்னுரையில் வாதிட்டார். வேர்ட்ஸ்வொர்த்தின் முன்னுரைக்கு நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தமிழில் எழுந்த அதன் உடன்பிறப்பு என்று அதைச் சொல்லலாம். அவர் எடுத்த கதையோ நம் கூத்துக்களத்தில் விடிய விடிய ஆடப்பட்ட சூது துகில். சிந்தும் கண்ணியும் கும்மியும் அவர் கையில் புதுக்கவிகளின் கருவிகளாயின. பாரதியிடம் வந்து சேர்ந்தவை இரண்டு ஆறுகள். ஒன்று ஷெல்லியிடமிருந்து வந்ததை எல்லாரும் சொல்கிறோம். மற்றது கூத்துக்களத்திலிருந்து வந்ததை உரக்கச் சொல்வதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் பி.எம். ஸ்ரீகண்டய்யா 1926-இல் 'இங்கிலீஷ் கீதகளு' வெளியிட்டார். ஆங்கிலக் கற்பனாவாதப் பாடல்களின் கன்னட வடிவங்கள். கன்னட நவோதயத்துக்கு அது வாசலானது. அந்த எழுச்சியின் பெரியவர்களில் ஒருவரான மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் ஓசூருக்கு அடுத்த மாலூர் வட்டத்தவர். வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதி, ஞானபீடம் பெற்றவர். அவரைத் தமிழ்ப் பக்கம் அன்னியராக வைத்தது மொழி வேலிதான்.

இன்றைய ஓசூர் 1970-களில் சிப்காட் வந்தபின் உருவான ஊர். வண்டி, கைக்கடிகாரம், இயந்திர உறுப்பு என்று செய்யும் ஆலைகளுக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு இலக்கியமும் வந்தது. 'புதுவிசை' இதழை நடத்திய கவிஞர் ஆதவன் தீட்சண்யா இங்கே இருந்து எழுதுகிறார். பா. வெங்கடேசன் ஓசூரில் வாழ்ந்துகொண்டு 'தாண்டவராயன் கதை'யை எழுதினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியையும் திப்புவின் காலத்தையும் தமிழ்ப் புனைவுக்குள் கொண்டுவந்த பெரும் நாவல் அது. 1798 என்ற ஆண்டு இந்த ஊரின் எழுத்தில் மீண்டும் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

முடிவாக

1798-ஐ இந்த எல்லையில் நின்று பார்த்ததில் எனக்குத் தெளிவானவை மூன்று. மக்களின் மொழியில் கவிதை என்பது ஐரோப்பாவில் ஒரு கொள்கையாக எழுந்தபோது, தென்னாட்டில் அது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் ஒரு மொழிக்குரியதாக இருக்கவில்லை. கட்டபொம்மு கதைப்பாடலும் திப்பு லாவணியும் தியாகராஜரின் கீர்த்தனையும் மாஹ் லகா பாயின் கஜலும் ஒரே காலத்தின் கவிதை, ஒரே வரலாற்றில் வைத்துப் படிக்க வேண்டியவை. மூன்றாவது, எழுதிவைத்தவர்களின் கவிதையே வரலாறானது. 1835 வரை இந்தியர் அச்சகம் நடத்துவதற்குச் சட்டத் தடைகள் இருந்தன. அது அன்றைய காரணம். இன்று அந்தக் காரணம் இல்லை.

கூத்து வாத்தியார்களின் நோட்டுகள் இன்னும் பெட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வோர் ஊர் நோட்டிலும் தருக்கள் வேறு, வசனம் வேறு. இப்பகுதிக் கல்லூரிகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டில் பேசும் மாணவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த எல்லையின் பாடல்களைத் திரட்ட அவர்களைவிடத் தகுந்தவர் யாரும் இல்லை. தமிழ்த்துறைகள் இதை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தமிழ்ப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வரும் கோடையில் உங்கள் ஊர்ப் பக்கம் பாரதம் நடந்தால் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். விடிந்ததும் வாத்தியாரிடம் போய் அவர் பெயரையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் கேட்டு, ஊர் பெயரோடு எழுதி வையுங்கள். அவர் சம்மதித்தால் நோட்டைப் படம் எடுத்து வையுங்கள். பாரமகால் கைமாறிய 1792-இல் வால்டர் ஸ்காட் இடையர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தொடங்கிய வேலை இதுதான். நமக்கு அது இன்னும் மிச்சமிருக்கிறது.